வழிகாட்டியின் வயிற்றிலடிக்கும் கட்டணம் வேண்டாம்!

பொது நிலத்தைக் காட்டிப் பொருளீட்டுவோன் பொதுமக்களுக்கு அதில் ஒரு பங்கு தரவேண்டும். இந்த நியாயத்தை மறுப்பார் எவருமில்லை, நாமும் மறுக்கவில்லை. ஆனால், பத்து வாகனங்களை ஓட்டும் கம்பெனிக்கும், பழைய சப்பாத்தோடு மலையேறி இருவருக்கு வழிகாட்டும் தோட்டத்து இளைஞனுக்கும் ஒரே தொகையைக் குறித்துவிட்டு, “பார், சட்டம் அனைவரையும் சமமாக நடத்துகின்றது” என்று மார்தட்டும் நியாயம் எந்த நாட்டு நியாயம்? அதைத்தான் கேட்கின்றோம்.

தேசிய வனங்களிலும் சரணாலயங்களிலும் வணிக முறையில் வழிகாட்டுவோருக்கு அநுமதிப் பத்திரம் வேண்டும், அதற்குக் கட்டணமும் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மூன்று யோசனைகள் முன்னே வருகின்றன. ஆளுக்கு ஒரே தொகை என்பது ஒன்று. ஏலம் விட்டு அதிகம் கேட்பவனுக்குக் கொடுத்துவிடலாம் என்பது மற்றொன்று. வருமானத்துக்கேற்ற பங்கு என்பது மூன்றாவது. முதலாவது அநீதி, இரண்டாவது ஆபத்து, மூன்றாவதே அறமும் சட்டமும் ஒப்பும் வழி. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாருடைய காடு?

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்ட மலைக்கு ஏறிப் பாருங்கள். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் காடு. கீழே மகாவலிப் பள்ளத்தாக்கில் 1987ஆம் ஆண்டு பிரகடனம் செய்யப்பட்ட விக்டோரியா-ரந்தெனிகல-ரந்தம்பே சரணாலயம் விரிந்து கிடக்கின்றது. வடக்கே தும்பறை எனும் நக்கிள்ஸ் மலைத்தொடர். தெற்கே ஹோர்ட்டன் சமவெளி. சிவனொளிபாத மலைக் காட்டோடு சேர்த்து இவ்விரண்டும் 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டன. உலகமே வந்து பார்க்க விரும்பும் செல்வம் இது.

இச்செல்வம் எவ்வாறு அரசின் கைக்கு வந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தை நினைவுகூருங்கள். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியவை என அச்சட்டம் ஊகித்துக்கொண்டது. விறகும் தேனும் மேய்ச்சலும் பெற்ற கண்டிச் சிங்களக் குடியானவன் கையில் உறுதியில்லை என்பதால் காடு அவனுடையதன்று என்றாயிற்று. பின்னர் அக்காடு கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. அதை வெட்டித் தோட்டமாக்கத் தென்னிந்தியாவிலிருந்து நம் பாட்டன்மார் கொண்டுவரப்பட்டனர். சிங்களக் கிராமத்தவன் காட்டை இழந்தான். தமிழ்த் தொழிலாளி தன் இளமையை அக்காட்டில் இழந்தான். இருவரின் இழப்பிலும் இலாபம் கண்டவன் மூன்றாமவன்.

விலங்குகளின் கதை அதனினும் கொடியது. மேஜர் ரொஜர்ஸ் என்ற பிரித்தானிய உத்தியோகத்தர் ஒருவர் மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியதாக வரலாறு கூறுகின்றது. 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார் அவர். யானையைக் கொன்றவனுக்கு அன்றைய அரசாங்கம் வெகுமதியும் கொடுத்தது. மலைகளெல்லாம் மொட்டையாகிவிடும் நிலை வந்தபோது, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விட்டுவைக்குமாறு 1873ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் எழுதிய அறிவுரையே எஞ்சிய உச்சிக் காடுகளைக் காத்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938இல் யாலையும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் பிறந்தது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய வனமாயிற்று.

இவ்வரலாற்றை ஏன் சொல்கின்றோம்? அரசு இக்காட்டை விலைகொடுத்து வாங்கவில்லை, உழைத்து உண்டாக்கவுமில்லை. மக்களிடமிருந்து பெற்று, மக்களுக்காகக் காத்துவைத்திருக்கின்றது. எப்பாவல பொஸ்பேற் வழக்கில், விவசாயிகளின் மனுவின்மீது 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்று அளித்த தீர்ப்பும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றது: நாட்டின் இயற்கை வளங்களுக்கு ஆட்சியாளர் பாதுகாவலர், தம் விருப்பம்போல் கையாள அவர்கள் உடைமையாளர் அல்லர். அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரையும், சமூகத்தின் நன்மைக்காகச் சுற்றாடலைப் பாதுகாத்து மேம்படுத்தும் கடமையை அரசின்மீது சுமத்துகின்றது. நீதிமன்றில் வழக்காடிக் கேட்கும் உரிமையாக அவ்வுறுப்புரை எழுதப்படவில்லை என்பதை அறிவோம். ஆயினும் ஆட்சியை வழிநடத்தும் கோட்பாடாக அது நிற்கின்றதல்லவா?

பாதுகாவலன் வாசலில் நின்று கட்டணம் கேட்கலாம். ஆனால் எதற்கு, எவ்வளவு, யாரிடம் என்ற கணக்கைச் சொல்லியே கேட்கவேண்டும்.

கட்டணம் வேறு, வரி வேறு

சட்டம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு பாலபாடம். அரசு தன் பொதுச் செலவுக்காக வாங்குவது வரி. குறிப்பிட்ட ஒரு சேவைக்கோ சலுகைக்கோ ஈடாக வாங்குவது கட்டணம். 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து அறநிலையச் சட்டத்தின்கீழ் மடங்களிடம் வசூலித்த பணத்தை ஆராய்ந்த இந்திய உச்ச நீதிமன்றம், சிரூர் மட வழக்கில் 1954ஆம் ஆண்டு என்ன சொல்லிற்று? வாங்கிய பணம் பொது வருவாயிற் கலக்கின்றது. வாங்கியதற்கும் செய்த சேவைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. ஆகவே பெயர் எதுவாயினும் அது வரியே என்று தீர்த்தது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றுகளைக் கட்டுப்படுத்தாது. இந்திய நீதிமன்றங்களே பிற்காலத்தில் அவ்வளவைச் சற்றுத் தளர்த்தியும் உள்ளன. ஆனாலும் சிந்தனைத் தெளிவுக்கு அது நல்ல விளக்கு.

நம் அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகின்றது. பாராளுமன்றம் ஆக்கிய சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியையும் எந்த அறவீட்டையும் எந்தப் பொது அதிகாரசபையும் விதிக்கலாகாது. ஆகவே ஒரு காரியாலயத்தின் சுற்றறிக்கையாலோ, வாசலில் ஒட்டிய ஓர் அறிவித்தலாலோ வழிகாட்டியின் சட்டைப்பையில் கைவிட முடியாது. சட்டத்தின்கீழ் ஆக்கிய ஒழுங்குவிதி வேண்டும். அது வர்த்தமானியில் வரவேண்டும்.

சரி, முறைப்படி விதிக்கும் கட்டணத்தில் என்னென்ன அடங்கலாம்? மூன்று கூறுகள் அடங்கலாம். ஒன்று, அநுமதிப் பத்திரம் வழங்குவதற்கு ஆகும் செலவு. பரீட்சை நடத்துதல், பதிவு செய்தல், மேற்பார்வை செய்தல் ஆகியவை இதிற் சேரும். இரண்டு, தேய்மானம். பாதை தேய்கின்றது, குப்பை சேர்கின்றது, விலங்கு கலைகின்றது, அவற்றைச் செப்பனிடும் செலவு இது. மூன்று, இலாபப் பங்கு. மக்களின் காட்டை முதலாக வைத்து ஒருவன் ஈட்டும் ஊதியத்தில் மக்களுக்குரிய பாகம் இது.

முதற் கூறு எல்லோர்க்கும் ஒன்றாயிருக்கலாம். அது சிறிய தொகையே. இரண்டாவது, அழைத்து வரும் ஆட்களின் தொகையையும் வாகனங்களின் தொகையையும் பொறுத்துக் கூடவேண்டும். மூன்றாவது, ஈட்டும் வருமானத்தைப் பொறுத்தே அமையவேண்டும். மூன்றையும் ஒன்றாகக் குழைத்து “வருடத்துக்கு இவ்வளவு” என்று ஒரே உருண்டையாக உருட்டிக் கொடுப்பதுதான் அநியாயம். அந்த உருண்டை பெரியவனுக்குக் கடலை, சிறியவனுக்குப் பாறாங்கல்.

கணக்குப் பாருங்கள்

உதாரணத்துக்கு வருடக் கட்டணம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி மாதம் 20 இலட்சம், அதாவது ஆண்டுக்கு 240 இலட்சம் ரூபாய் வாங்குகின்றது என்க. அதற்கு 50,000 என்பது ஆயிரத்துக்கு இரண்டு. ஒரு நேர விருந்துச் செலவு. ஓர் இளைஞன் மாதம் 40,000, ஆண்டுக்கு 4 இலட்சத்து 80,000 ரூபாய் பெறுகின்றான் என்க. அவனுக்கு அதே 50,000 என்பது நூற்றுக்குப் பத்துக்கும் மேல். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு முழுவதும் வாசலிலேயே போய்விடுகின்றது. அதுவும் தொழில் தொடங்குமுன்னே, கடன் வாங்கிக் கட்டவேண்டும்!

இனி அதே இருவரிடமும் நூற்றுக்கு மூன்று கேளுங்கள். கம்பெனி 7 இலட்சத்து 20,000 கட்டும். இளைஞன் 14,400 கட்டுவான். முதல் முறையில் இருவரிடமிருந்தும் அரசுக்குக் கிடைப்பது ஓர் இலட்சம். இரண்டாவது முறையில் 7 இலட்சத்து 34,400. இளைஞனுக்கு முழு விலக்களித்தாலும் 7 இலட்சத்து 20,000 கைக்கு வரும். ஏழையை வதைத்துத் திறைசேரியையும் வறிதாக்கும் முறைக்குப் பெயர் சமத்துவமா? எளியவனிடம் கறாரும் வலியவனிடம் தாராளமும் காட்டும் அந்த முறைக்குச் சிக்கனம் என்று பெயரிடவும் இயலாது.

மலையகத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அக்கூலியைப் பெற்ற தாயின் மகன்தான் வழிகாட்டியாக வர நினைக்கின்றான். நாம் உதாரணமாகக் கொண்ட 50,000 ரூபாய் என்பது அந்த 2024ஆம் ஆண்டுக் கூலிக் கணக்கில் அத்தாயின் 37 நாட் கொழுந்துக் கூடை. கட்டண அட்டவணை எழுதும் கனவான்கள் அந்தக் கூடையின் பாரத்தை ஒருமுறை தோளில் ஏற்றிப் பார்க்கவேண்டும்.

வலப்பனை கற்பித்த பாடம்

ஆளுக்கு ஒரே தொகை என்பது நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. இரத்தத்தால் எழுதிய இரண்டு பாடங்கள் நம்முன் உள்ளன.

1848ஆம் ஆண்டில் டொரிங்டன் தேசாதிபதி வீதிச் சட்டம் கொண்டுவந்தார். வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும். அன்றேல் 3 ஷில்லிங் கட்டவேண்டும். மூன்று ஷில்லிங்கை எறிந்துவிட்டுப் போகச் செல்வனால் முடிந்தது. ஏழை மண் சுமந்தான். துப்பாக்கிக்கும் நாய்க்கும்கூட வரி வந்தது. அவ்வாண்டே மாத்தளையிலும் கண்டிப் பிரதேசத்திலும் கலகம் வெடித்தது. புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். சட்டத்தின் வாசகத்தில் பேதம் ஏதுமில்லை; அதன் பாரத்தில்தான் பேதம் இருந்தது.

இரண்டாவது பாடம் ஹேவாஹெட்டவுக்கு அயலிலேயே நடந்தது. நெல் வரி விளைச்சலில் பங்காக இருந்தவரை, விளைந்தால் கொடுத்தான். விளையாவிட்டால் கொடுக்க ஏதுமில்லை. 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாகப் பணத் தொகையாக நிர்ணயித்தது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, கிராமத்தவன் கையில் காசு வற்றிய காலம் அது. கட்ட முடியாதவனின் வயல் ஏலத்துக்குப் போனது. 1882 முதல் 1885 வரை வலப்பனைப் பகுதியில் குடியானவர்கள் கூட்டங்கூட்டமாக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பட்டினியும் நோயும் அவர்களைத் தின்றன. ஆங்கிலேய உத்தியோகத்தரே மனம் பொறாது எழுதும் அளவுக்கு அக்கொடுமை முற்றிற்று. ஈற்றில் 1892ஆம் ஆண்டில் நெல் வரியே ஒழிக்கப்பட்டது.

பங்கு கேட்ட வரி குடியானவனோடு சேர்ந்து நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் கண்டது. தொகை கேட்ட வரி அவனை வீதிக்கு விரட்டியது. வழிகாட்டியின் தொழிலும் அத்தகையதே. மழைக்காலத்தில் வருவாரில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின் பயணிகள் குறைந்தார்கள். 2020இல் கொள்ளைநோய் வாசலையே அடைத்தது. 2022இல் எரிபொருள் வரிசையில் வாகனங்கள் நாட்கணக்கிற் கிடந்தன. நிலையான தொகை இக்காலங்களில் நிலைத்து நின்று அறுக்கும் வாள். பங்கு என்பதோ வருமானம் குறைந்தால் தானும் குறையும்.

ஏலம் என்னும் பொறி

“ஏலம் விடுவோம்; சந்தையே விலையைத் தீர்மானிக்கட்டும்” என்பார் சிலர். கேட்க அழகாயிருக்கின்றது. பிரித்தானியர் காலத்தில் சாராயக் குத்தகை ஏலத்தில் விடப்பட்டதை அவர்கள் அறியார் போலும். ஏலத்தில் வென்றவன் சிலநாளில் தனிமுதலாளியானான். கொடுத்த பணத்தை மீட்கக் குடிப்பவனைப் பிழிந்தான்.

காட்டு வாசலிலும் அதுவே நடக்கும். உயர்ந்த கேள்வி கேட்டு இடத்தைப் பிடித்தவன், போட்ட பணத்தை எடுக்க ஒரு வாகனத்தில் ஆறு பேருக்குப் பதில் எண்மரை ஏற்றுவான். ஒரு பயணத்துக்குப் பதில் இரண்டு ஓட்டுவான். சிறுத்தை ஒன்று தென்பட்டால் முண்டியடித்து முன்னே நிறுத்துவான். யாலையில் ஒரு சிறுத்தையைச் சூழ்ந்து ஜீப்புகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் காட்சியை நாடே கண்டு வெட்கியிருக்கின்றது. ஏலம் அந்த வெட்கத்தைக் குறைக்காது, பெருக்கும்.

மேலும், ஏலத்தில் தோற்றவன் என்ன ஆவான்? வென்ற கம்பெனியிடமே நாட்கூலியாகப் போவான். பாதையை அறிந்தவன் அவன். பத்திரம் வைத்திருப்பவன் மற்றவன். அநுமதிப் பத்திரம் குத்தகைப் பத்திரமாகும். வழிகாட்டி மறுபடியும் கங்காணியின்கீழ் ஆளாவான். இந்த மலையில் அந்தக் கதையை ஒருமுறை அநுபவித்தது போதாதா?

மூன்று வாசல், ஒரு கால்

ஹேவாஹெட்ட இளைஞனின் நிலையைச் சற்று எண்ணுங்கள். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் அவனுக்கு அடுத்த மலையில் இருக்கின்றது. ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும் பீக்கோ ட்ரெயில் எனும் நடைவழி கலஹாவிலிருந்து அத்தோட்டத்துக்கு வந்தே அப்பாற் செல்கின்றது. தேயிலைப் பெட்டி சென்ற பழைய பாதைகளில் இன்று உலகத்தார் நடக்கின்றனர். எந்த ஓடையில் அட்டை அதிகம், எந்தச் சரிவு மழையில் வழுக்கும், எந்த மூலையில் காட்டுப்பன்றி இறங்கும் என்பதைப் புத்தகத்தில் படித்தவனல்லன் அவன். விறகு பொறுக்கி அறிந்தவன்.

ஆனால் அவன் தன் விருந்தினரை அழைத்துக்கொண்டு போகும் நிலம் ஒரே சட்டத்தின்கீழ் இல்லை. தேசிய வனமென்றால் வனசீவராசிகள் திணைக்களமும் 1937ஆம் ஆண்டுச் சட்டமும். நக்கிள்ஸ் போன்ற பேணற் காடென்றால் வனத் திணைக்களமும் 1907ஆம் ஆண்டுச் சட்டமும். தோட்டப் பாதையென்றால் தோட்ட நிருவாகம். வழிகாட்டி என்ற அடையாளத்துக்கோ சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும். கால் ஒன்று, வாசல் மூன்று, பத்திரம் நான்கு! ஒவ்வொரு வாசலும் தன் பங்குக்கு ஒரு தொகையைக் கேட்டால், அவனுக்கு மிஞ்சுவது நடந்த களைப்பு மட்டுமே. கம்பெனிக்குக் காரியாலயம் உண்டு, எழுதுவினைஞன் உண்டு. நான்கு விண்ணப்பமும் ஒரு பொழுதில் முடியும். இளைஞனுக்கு ஒவ்வொரு விண்ணப்பமும் ஒருநாட் கூலி.

மொழியின் சங்கடமும் இங்கே சேர்கின்றது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நாடெங்கும் நிருவாக மொழிகள். ஆகவே படிவம் தமிழில் வேண்டும்; பரீட்சை தமிழில் வேண்டும்; கட்டண அட்டவணை வாசலில் தமிழில் தொங்கவேண்டும். தமிழில் விண்ணப்பிக்க முடியாத அநுமதி தமிழனுக்கு மறுக்கப்பட்ட அநுமதியே. 14(1)(எ) உறுப்புரை பிரசை ஒவ்வொருவருக்கும் சட்டப்படியான தொழில் செய்யும் சுதந்திரத்தை அளிக்கின்றது. 12(1) சட்டத்தின் சமமான பாதுகாப்பை அளிக்கின்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், எஞ்சியோரின் பிரசாவுரிமைக்காக 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தார்கள். அவ்வாறு கிடைத்த பிரசாவுரிமை வெறும் வாக்குச்சீட்டன்று, தொழிலுக்கான வாசலுமாகும்.

உலகம் காட்டும் வழி

நாம் கேட்பது கற்பனையுலகத்து முறையன்று. முதலாளித்துவத்தின் தாயகமெனப்படும் அமெரிக்காவிலேயே, பொதுக் காடுகளில் வணிக வழிகாட்டுவோரிடம் அந்நாட்டு வனத்துறை மொத்த வருமானத்தில் நூற்றுக்கு மூன்று என்ற அளவில் கட்டணம் பெறுகின்றது. ருவாண்டா நாடு மலைக் கொரில்லாவைக் காணும் அநுமதியை 2017ஆம் ஆண்டு 1,500 டொலராக உயர்த்தியது. உயர்த்தியதோடு நில்லாமல், வன வருமானத்தில் சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் செல்லும் பங்கையும் நூற்றுக்கு 5இலிருந்து 10ஆக உயர்த்தியது. கேரளத்துப் பெரியாற்றுக் காட்டிலே, குமுளிப் பக்கத்தில், 1990களின் பிற்பகுதியில், மரப்பட்டை திருடி வாழ்ந்தவர்களையே வனத்துறை கூட்டுக் குழுவாக்கி வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றியது. காட்டை அழித்த கை காட்டைக் காக்கும் கையாயிற்று. அதைச் செய்தது தண்டனை அன்று, நிலையான வருமானம்.

எதிர்ப்புறப் பாடமும் உண்டு. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக்காரர்களைச் சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. அதன்பின் தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் 40 பாதைகளை வரையறுத்து, உள்ளூர் மக்களைப் பயிற்றி வழிகாட்டிகளாக அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே அநுமதி வேண்டாம், பயிற்சி வேண்டாம், கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பயிற்சி வேண்டும், முதலுதவி அறிவு வேண்டும், தவறினால் தண்டனையும் வேண்டும். வேண்டாதது, ஏழையை வாசலிலேயே வடிகட்டும் விலைதான்.

ஆட்சேபங்களும் விடையும்

“வருமானத்தை யார் சரிபார்ப்பது? பொய்க் கணக்கு எழுதுவார்களே!” என்பர். கம்பெனியென்றால் அதற்கு வருமான வரிக் கணக்கு உண்டு, அதையே காட்டட்டும். தனி வழிகாட்டியென்றால், வாசற் சீட்டே சாட்சி. எத்தனை விருந்தினரை அழைத்து வந்தான் என்பது அங்கே பதிவாகின்றது. அதன்படி ஆளுக்கொரு சிறு தொகை போதும். வந்தால் கட்டுவான், வராவிட்டால் கட்டான்.

“கட்டணத்தை உயர்த்தினால் கூட்டம் குறையும், காடு பிழைக்கும்” என்பர். கூட்டத்தைக் குறைக்கவேண்டுமாயின் நேராகக் குறையுங்கள். நாளொன்றுக்கு இத்தனை வாகனம், இத்தனை ஆள் என்று எல்லை வகுத்து, அதை மீறாதிருங்கள். விலை உயர்ந்தால் காட்டுக்குள் நுழைவது பணம். வெளியே நிற்பது ஏழ்மை. பணக்காரனின் ஜீப் ஏழையின் காலைவிட மெதுவாக மண்ணைத் தேய்க்குமென்று எந்த விஞ்ஞானம் சொல்கின்றது?

“திணைக்களத்துக்குப் பணம் போதாது” என்பர். மெய்தான். காவலன் குறைந்த சம்பளத்தில் யானைக்கும் வேட்டைக்காரனுக்கும் நடுவே நிற்கின்றான். அதனாலேயே சொல்கின்றோம்: அதிகம் ஈட்டுவோனிடம் அதிகம் வாங்குங்கள், வாங்கியதைக் காட்டுக்கே செலவிடுங்கள்.

நாம் கேட்பவை

ஒன்று: வணிக வழிகாட்டிக் கட்டணம் ஒழுங்குவிதியாக வர்த்தமானியில் மும்மொழியிலும் வெளிவரவேண்டும், எந்தச் செலவுக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கும் அதனோடு வரவேண்டும், பாராளுமன்றத்தில் அது விவாதிக்கப்படவேண்டும்.

இரண்டு: தனி வழிகாட்டிக்குப் பதிவுச் செலவு மட்டும், அதற்குமேல் அழைத்து வரும் ஆட்தொகைக்கேற்ற சிறு தொகை. கம்பெனிக்கு மொத்த வருமானத்தில் நூற்று வீதம்.

மூன்று: ஏலம் கூடாது. பத்திரத்தைக் கைமாற்றுவதும் உள்வாடகைக்கு விடுவதும் கூடாது. ஒரு கம்பெனி இத்தனை பத்திரத்துக்குமேல் வைத்திருக்கலாகாதென்ற உச்ச வரம்பு வேண்டும்.

நான்கு: காட்டை அடுத்த கிராமத்தவர்க்கும் தோட்டத்தவர்க்கும், சிங்களவர் தமிழர் முஸ்லிம் என்ற பேதமின்றி, பத்திரங்களில் ஒரு பகுதி ஒதுக்கப்படவேண்டும்.

ஐந்து: வசூலின் பெரும்பாகம் காவலருக்கும் பாதைக்கும் முதலுதவிக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் திரும்பவேண்டும், ஆண்டுக் கணக்கு வாசலில் ஒட்டப்படவேண்டும்.

ஆறு: திணைக்களங்கள் தமக்குள் உடன்பட்டு ஒரே விண்ணப்பம், ஒரே பத்திரம் என்ற ஒழுங்கைச் செய்யவேண்டும். பத்திரத்தை இரத்துச் செய்யுமுன் வழிகாட்டியின் விளக்கத்தைக் கேட்கவேண்டும்.

இவற்றுள் எது நடவாத காரியம்? எது சட்டத்துக்கு முரண்? எது காட்டுக்குக் கேடு?

1940ஆம் ஆண்டு ஜனவரியில் இதே ஹேவாஹெட்ட மலையில், முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் போராட்டத்தின்போது கோவிந்தன் காவற்படையின் குண்டுக்கு இரையானார். அவரும் அவர் தோழரும் சலுகை கேட்கவில்லை. உழைப்புக்குரிய கணக்கைக் கேட்டார்கள். இன்று நாமும் கணக்கைத்தான் கேட்கின்றோம். துப்பாக்கி வேண்டாம், கலகம் வேண்டாம். வர்த்தமானியும் வாக்குச்சீட்டும் வழக்கு மன்றமும் நமக்குப் போதும். ஒவ்வொரு தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளையும், ஒவ்வொரு கிராமத்து அபிவிருத்திச் சங்கமும் இவ்வாறு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றித் தம் பாராளுமன்ற உறுப்பினரின் கையிற் கொடுக்கட்டும். அடுத்த கட்டண அட்டவணை அச்சேறுமுன் அது நடக்கட்டும். அச்சேறியபின் அழுவதிற் பயனில்லை.

காடு பொதுவென்றால் அதன் வாசலும் பொதுவாகட்டும். கட்டணம் இலாபத்தின்மீது விழட்டும், உழைப்பின்மீது விழாதொழிக!